வைரஸ் கார்ட், டிஃபெண்டர், லினக்ஸ் மின்ட்: வீட்டு லப்டொப்புக்கு எது?

யாழ்ப்பாணத்தில் லப்டொப் வாங்கப் போனால், பை, மவுஸ் எல்லாம் எடுத்து வைத்த பிறகு "வைரஸ் கார்ட் ஒண்டும் போட்டுத் தரட்டோ அண்ணை, ஒரு வருசத்துக்கு வரும்" என்று கேட்காத கடை குறைவு. நாங்களும் தலையாட்டி விடுகிறோம். அந்த வருடம் முடிந்ததும் திரையின் மூலையில் ஒரு பெட்டி ஒவ்வொரு நாளும் எட்டிப் பார்த்து "புதுப்பி, புதுப்பி" என்று கரைச்சல் கொடுக்கும். அப்போதுதான் வீட்டில் கேள்வி வரும்: திரும்பக் காசு கட்டுவதா, விண்டோஸோடு சும்மா வருகிற டிஃபெண்டரே போதுமா, இல்லை கம்பஸ் போகிற பெடியன் சொல்வதுபோல, விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகப் போடக்கூடிய லினக்ஸுக்கு மாறுவதா?

என் முடிவை முதலே சொல்லிவிடுகிறேன். ஒழுங்கான விண்டோஸ் 11 ஓடுகிற மெஷினுக்கு டிஃபெண்டர், அதற்கு ஏற முடியாத பழைய மெஷினுக்கு லினக்ஸ் வகையில் ஒன்றான மின்ட், வைரஸ் கார்டுக்கு வருடாவருடம் போகிற காசு ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு.

டிஃபெண்டரை ஒருகாலத்தில் ஒருவரும் மதிக்கவில்லை, அதற்குக் காரணமும் இருந்தது. இப்போது நிலைமை வேறு, ஏவி-டெஸ்ட், ஏவி-கம்பாரட்டிவ்ஸ் போன்ற சோதனைக்கூடங்களில் காசு கொடுத்து வாங்கும் பெரிய பெயர்களோடு அது பக்கத்தில் நிற்கிறது. ஒரு பலவீனம் மட்டும் எங்கள் ஊருக்குப் பொருந்தி வருகிறது: சந்தேகமான கோப்பு ஒன்றைக் கண்டால் அது பெரும்பாலும் மைக்ரோசொஃப்டின் சேவரைத்தான் கேட்கிறது. டேட்டா முடிந்துபோன நேரத்தில், நெற் இல்லாமல் ஒரு பென்ட்ரைவைச் செருகினால் அதன் பிடி தளர்ந்துவிடும். பிட்டிஃபெண்டர் போன்ற காசு வைரஸ் கார்டுகள் அந்த இடத்தில் நன்றாகவே செய்கின்றன. ஒரு நாளைக்கு எத்தனையோ பேரின் பென்ட்ரைவ் ஏறி இறங்கும் போட்டோகொப்பிக் கடையோ, ரியூசன் சென்ரரோ வைத்திருப்பவர் என்றால் காசு கொடுத்து வாங்குங்கள், வீண் இல்லை.

பென்ட்ரைவ் விஷயத்தைக் கொஞ்சம் கிட்டப் பார்ப்போம், ஏனென்றால் இங்கே அசைன்மென்ட் பிரிண்ட் எடுக்கப் போய்த்தான் பாதி நோய் வீட்டுக்கு வருகிறது. கடையில் செருகிவிட்டு வந்து திறந்தால் உங்கள் ஃபோல்டர்கள் எல்லாம் இருக்கும், ஆனால் ஒவ்வொரு படத்தின் இடது கீழ்மூலையிலும் சின்னதாக ஒரு அம்புக்குறி. அது ஃபோல்டர் இல்லை, ஷோர்ட்கட். அழுத்தினால் ஃபோல்டரும் திறக்கும், பின்னால் வைரஸும் ஓடும், அதனால் ஒருவருக்கும் சந்தேகம் வராது. உண்மையான ஃபோல்டர் அழியவில்லை, சிஸ்டம் கோப்பு என்று முத்திரை குத்தி மறைத்து வைக்கப்பட்டிருக்கும். வைரஸ் கார்ட் ஷோர்ட்கட்டைத் துடைத்துவிட்டால் பென்ட்ரைவ் வெறுமையாகத் தெரியும். உடனே ஃபோர்மற் அடித்துவிடாதீர்கள், மறைந்த கோப்புகளையும் சிஸ்டம் கோப்புகளையும் காட்டச் சொல்லி ஃபைல் எக்ஸ்புளோரரின் அமைப்பில் மாற்றினால் ஃபோல்டர் அங்கேயே இருக்கும். இன்னும் நல்லது, பிடிஎஃப் கோப்பைக் கடைக்காரரின் மெயிலுக்கு உங்கள் போனில் இருந்தே அனுப்புவது. கடை மெஷினில் உங்கள் ஜிமெயிலைத் திறந்துவிட்டு அப்படியே எழும்பி வருகிறவர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

சரி, எந்த வைரஸ் கார்ட் என்று இவ்வளவு கதைக்கிறோம், அடியில் இருக்கிற விண்டோஸ் எது? ஃபோர்மற் அடித்துத் தருகிற இடங்களில் வழக்கமாக ஏறுவது காசு கட்டாத கிராக் விண்டோஸ், கிராக் ஒஃபிஸ். அதைக் கள்ளமாகத் திறந்துவிடுகிற அக்டிவேட்டரை ஓட்டுவதற்கு முன் டிஃபெண்டரை நிற்பாட்டச் சொல்வார்கள், பலர் அதோடு இன்னொன்றும் செய்துவிடுகிறார்கள். தங்கச்சி ஒரு இடத்தில் கொடுத்து வாங்கிய லப்டொப்பில் விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, வைரஸ் பாதுகாப்பு அமைப்புகளுக்குள் அடியில் இருக்கிற எக்ஸ்குளூஷன்ஸ் பட்டியலைப் பார்த்தால், ஒரே ஒரு வரி: சி டிரைவ். முழு டிரைவையும் பார்க்காதே என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். மேலே பச்சை டிக் போட்டு "எல்லாம் நலம்" என்று காட்டிக்கொண்டு இருக்கிறது! வாசலில் காவலாளியை நிறுத்திவிட்டு அவன் கண்ணைக் கட்டிவிட்ட மாதிரி. உங்கள் மெஷினிலும் அந்தப் பட்டியலை இன்றைக்கே ஒருக்கால் திறந்து பாருங்கள், நீங்கள் போடாத வரி இருந்தால் எடுத்துவிடுங்கள். ஸ்டொப் டிஜேவியூ என்ற, கோப்புகளைப் பூட்டிவிட்டுக் காசு கேட்கிற ரான்சம்வேர் உலகம் முழுக்கப் பரவியதே பெரும்பாலும் இப்படியான கிராக் மென்பொருள்கள் வழியாகத்தான். கள்ள விண்டோஸுக்கு மேலே காசு கொடுத்த வைரஸ் கார்ட் போடுவதில் எனக்கு ஒரு அர்த்தமும் தெரியவில்லை.

வைரஸ் கார்ட் என்றால் அந்தரங்கத்தையும் காக்கும் என்று நினைப்பவர்களுக்கு அவாஸ்ட் கதை போதும். இலவசமாகக் கொடுத்த மென்பொருள் வழியாகப் பயனர்கள் எந்தத் தளங்களுக்குப் போகிறார்கள் என்ற விவரத்தைச் சேர்த்து, ஜம்ப்ஷொட் என்ற துணை நிறுவனம் வழியாக விற்றது 2020இல் வெளியே வந்தது. 2024இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் 1 கோடியே 65 லட்சம் டொலர் கட்டச் சொன்னது. மைக்ரோசொஃப்டும் ஒன்றும் புண்ணியவான் இல்லை, விண்டோஸ் தானே நிறையத் தகவல் அனுப்புகிறது. ஆனால் அது எப்படியும் அனுப்பத்தான் போகிறது, அதற்கு மேலே இன்னொருவரையும் ஏன் சேர்க்கவேண்டும் என்பதுதான் என் கேள்வி.

இனி மின்ட். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் புரொசெசர் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ வேண்டும், இங்கே செகண்ட் ஹான்டில் ஓடுகிற நான்காம், ஐந்தாம் தலைமுறை லப்டொப்புகளுக்கு அந்தக் கதவு பூட்டு. அவற்றுக்கு மைக்ரோசொஃப்ட் கொடுத்த ஒரு வருட நீடிப்பும் 2026 ஒக்டோபர் 13 வரைதான். லினக்ஸ் மின்ட் 22 இப்படியான மெஷினில் 4 ஜிபி ராமோடு நன்றாக ஓடும், 2029 வரை அப்டேட் வரும், முழு டிஸ்க்கையும் பூட்டி வைக்கிற வசதியை நிறுவும்போதே கேட்டு வாங்கலாம். மேலே சொன்ன ஷோர்ட்கட் வைரஸ் அங்கே வெறும் கோப்பு, ஓடாது.

ஆனால் எல்லாருக்கும் சரிவராது. பாமினி விசைப்பலகையில் தட்டிப் பழகிய கைக்கு முதல் இடி அங்கேதான்: தமிழ் தட்ட உதவுகிற இ-கலப்பை, என்எச்எம் ரைட்டர் இரண்டும் விண்டோஸ் மென்பொருள்கள். வேர்டில் செய்த கேள்வித்தாளை மின்டோடு வருகிற லிப்ரே ஒஃபிஸில் திறந்தால் அட்டவணை இடம் மாறி நிற்கலாம். ஒரு ரியூசன் ரீச்சருக்கு மின்ட் போட்டுக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. நெற் பார்க்க, சூமில் கதைக்க, கனடாவில் இருந்து வரும் படங்களைப் பார்க்க மட்டும் கொம்பியூட்டர் வைத்திருக்கிற அம்மா அப்பாவுக்கு இதைவிடக் கவலையில்லாத ஒன்று எனக்குத் தெரியாது.

பாஸ்வேர்ட் விஷயம் சுருக்கமாக. குரோமில் சேமிப்பது வசதிதான், ஆனால் மெஷினுக்குள் தகவல் திருடுகிற மென்பொருள் நுழைந்தால் முதலில் அள்ளுவது அதைத்தான். பாஸ்வேர்டுகளைப் பூட்டி வைக்கிற பிட்வார்டன் இலவசம், போனிலும் வரும், பெரும்பாலானோருக்கு அதைத்தான் சொல்வேன். எதையும் இன்னொருவரின் சேவரில் வைக்க மனமில்லாதவருக்கு கீபாஸ்எக்ஸ்சி, எல்லாம் உங்கள் கையில் ஒரே கோப்பாக இருக்கும், தொலைத்தால் தொலைத்ததுதான். அதே வகையான லாஸ்ட்பாஸ் வேண்டாம், 2022இல் பயனர்களின் பூட்டிய பாஸ்வேர்ட் பெட்டகங்கள் அங்கிருந்து களவு போயின. இணையத் தொடர்பை மறைத்து அனுப்புகிற விபிஎன் வீட்டில் தேவையில்லை, வங்கித் தளங்கள் எல்லாம் ஏற்கனவே எச்டிடிபிஎஸ்தான், போகிற தகவல் பூட்டியபடிதான் போகும்.

பிறகு அந்த ஹார்ட் டிஸ்க், படங்களின் இன்னொரு பிரதியை வைக்க. இணையத்தில் வைப்பதென்றால் கூகுளில் 15 ஜிபி, மைக்ரோசொஃப்டின் வன்டிரைவில் (OneDrive) 5 ஜிபிதான் இலவசம், ஒரு கலியாண வீட்டு அல்பத்துக்கே காணாது. அதனால் டிஸ்க்தான். படங்களை ஏற்றி முடிந்ததும் வயரைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்துவிடுங்கள், செருகியபடி விட்டால் ரான்சம்வேர் வருகிற அன்றைக்கு அதையும் சேர்த்தே பூட்டிவிடும்.