பிஸ்டி பாறைவெளிக்குப் புகைப்படப் பயணம் செல்பவர்கள் பணம் கட்டுவதற்கு முன் வாசிக்கவும்

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், ஃபார்மிங்டன் நகருக்குத் தெற்கே ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் பிஸ்டி வனாந்தரத்தைப் படமெடுப்பதற்காக, சென்ற அக்டோபரில் 690 டாலர் கட்டி இரண்டு நாள் பயிற்சிப் பயணம் ஒன்றில் சேர்ந்தேன். நடத்தியவரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. அவர் செய்தவற்றை மட்டும் நடந்தபடியே எழுதுகிறேன்.

690 டாலரில் 75 டாலர் 'நுழைவு அனுமதிக் கட்டணம்' என்று ரசீதில் தனியாகக் காட்டப்பட்டிருந்தது. வண்டி நிறுத்துமிடத்தில் இறங்கியபோது அங்கே வாயிற்கதவும் இல்லை, கட்டணம் வாங்க ஆளும் இல்லை. 1984 முதல் சட்டப்படி காக்கப்பட்டு வரும் இந்த நிலம், மத்திய அரசின் நில மேலாண்மைப் பணியகத்தின் பொறுப்பில் இருக்கிறது; சொந்தமாகச் சுற்றிப் பார்க்க வருபவர் யாருக்கும் கட்டணமோ அனுமதியோ தேவையில்லை. பணம் வாங்கிக்கொண்டு ஆட்களை அழைத்து வரும் வழிகாட்டிதான் சிறப்பு அனுமதி பெற்றிருக்க வேண்டும். அதைக் காட்டும்படி கேட்டேன். அலுவலகக் கணினியில் இருக்கிறது என்றார்.

காசு போனதைவிட வெளிச்சம் போனதுதான் எனக்குப் பெரிய இழப்பு. அங்குள்ள மேடுகள் சாம்பல், பழுப்பு, மங்கிய காவி என்று அடங்கிய நிறங்களில் இருப்பவை. 7 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் படிந்த மென்மையான களிப்பாறையின் மேல் கெட்டியான மணற்பாறை தொப்பிபோல் உட்கார்ந்திருக்க, சுற்றியுள்ள மண்ணை மழையும் காற்றும் அரித்துக்கொண்டு போய்விட, தொப்பியின் அடியில் இருந்தது மட்டும் தூணாக நின்றுவிடுகிறது. அதைத்தான் ஹூடூ என்கிறார்கள். தொப்பியின் நிழல் தூணின் மேல் சாய்ந்து விழுந்தால்தான் படத்தில் அந்த உருவம் எழுந்து நிற்கும். அதற்குச் சூரியன் தாழ்வாக இருக்க வேண்டும். விளம்பரத்தில் 'உதயமும் அந்தியும்' என்று போட்டிருந்தவர், எங்களைக் காலை பத்தரை மணிக்கு இறக்கிவிட்டு, மூன்று மணிக்கெல்லாம் வண்டியில் ஏற்றிவிட்டார்.

மூன்று கிலோமீட்டருக்கு மேல் நடந்து, 'வெடித்த முட்டைகள்' என்று பெயர் பெற்ற பாறைகளை உச்சி வெயிலில் சென்று சேர்ந்தோம். விரிசலோடிய அந்த உருண்டைகள், நிழலே இல்லாத அந்த நேரத்தில், என் படங்களில் கூடையிலிருந்து கொட்டிய உருளைக்கிழங்கைப் போலத்தான் விழுந்திருக்கின்றன. போதாததற்கு, அளவு தெரிய வேண்டும் என்று சொல்லி ஒருவரை ஒரு முட்டையின் மேல் ஏறி நிற்கச் சொன்னார். காலணி அழுந்திய இடத்தில் நகத்தின் கனமுள்ள ஒரு சில்லு உதிர்ந்து களிமண்ணில் விழுந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். கல்லாக மாறிய மரத்துண்டு ஒன்றை இன்னொருவர் பையில் போட்டுக்கொண்டபோது, அங்கிருந்து அவற்றை எடுத்துச் செல்வது சட்டவிரோதம் என்று தெரிந்திருக்க வேண்டிய இவர், சின்னதுதானே என்று சிரித்தார்.

விளம்பரத்தின் முகப்புப் படத்தில், பறவை இறக்கையை விரித்ததுபோல் நீண்டு நிற்கும் பாறை ஒன்று இருந்தது. அது எங்கே என்று கேட்டதற்கு, இரண்டு மேடு தாண்டினால் வரும், இன்று நேரமில்லை என்றார். இரவு விடுதியில் வரைபடத்தை விரித்துப் பார்த்தபோதுதான், அது பிஸ்டியிலேயே இல்லை, ஆ-ஷி-ஸ்லி-பா என்ற வேறொரு வனாந்தரத்தில் இருக்கிறது என்பது தெரிந்தது.

பால்வீதியைப் படமெடுக்கும் வகுப்பும் கட்டணத்தில் அடங்கியிருந்தது. அன்று பௌர்ணமி. கதிரவன் மறையும்போதே நிலா எழுந்துவிட்டது; காலணிக் கயிற்றை விளக்கில்லாமல் கட்டிக்கொள்ளும் அளவுக்கு வெளிச்சம். பால்வீதி தெரியாததற்கு எங்கள் கேமராக்களின் மேல் பழி போட்டார். நாட்காட்டியைப் புரட்டாமல் பணம் கட்டியது என் தவறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தேதியைக் குறித்தவர் அவர்.

இரண்டாம் நாள் உதயப் பயணம், மழை வரும் என்ற காரணம் சொல்லிக் கைவிடப்பட்டது. அந்தக் களிமண் நனைந்தால் எண்ணெய் தடவிய தரைபோல் வழுக்கும், மண் சாலையில் வண்டி புதையும் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் அன்று காலை முழுவதும் வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை.

பாதிப் பணத்தையாவது திருப்பித் தாருங்கள் என்று எழுதினேன். இயற்கையின் மாற்றங்களுக்கு நாங்கள் பொறுப்பல்ல, அனுமதிக் கட்டணம் அரசுக்குச் செலுத்தப்பட்டுவிட்டது என்று பதில் வந்தது. அப்படியானால் அரசு கொடுத்த ரசீதின் நகலை அனுப்புங்கள் என்று மறுபடியும் எழுதியிருக்கிறேன். ஏழு வாரம் ஆகிறது, பதில் இல்லை.