கிணற்றில் டேப் விடுவதா, அரசு டேட்டா எடுப்பதா? ஒரு வருட நீர்மட்ட ப்ராஜெக்ட்டுக்கு எது சரி

எம்.இ. நீர்வளப் படிப்பில் கடைசி இரண்டு பருவங்களிலும் ப்ராஜெக்ட் உண்டு. கட்டம் ஒன்று, கட்டம் இரண்டு என்று பிரித்து மார்க் போட்டாலும் வேலை ஒன்றே, கிட்டத்தட்ட ஒரு வருடம் நம் பொறுப்பில். நிலத்தடி நீரைத் தலைப்பாக எடுப்பவர்களுக்கு முதல் ரிவ்யூவுக்கு முன்பே ஒரு கேள்வி வந்துவிடும். கிணறு கிணறாகப் போய் நாமே நீர்மட்டத்தை அளப்பதா, அரசு அமைப்புகள் அளந்து வைத்திருப்பதை வாங்கி அலசுவதா? நான் பல்லடம் பக்கம் அளக்கப் போனேன். கூடப் படித்த பலர் இரண்டாவது வழியில் போனார்கள். உடம்பும் சூழ்நிலையும் இடம் கொடுத்தால் அளக்கப் போங்கள் என்பதுதான் என் கட்சி.

அலைச்சல், வெயில், பஸ் செலவு எல்லாம் அளப்பவருக்கு உண்டு, மற்றவருக்கு இல்லை. அதில் பேச ஒன்றுமில்லை.

அரசு டேட்டாவின் பலம் அதன் நீளம். மத்திய நிலத்தடி நீர் வாரியம் ஜனவரி, கோடை, ஆகஸ்ட், நவம்பர் என்று வருடத்துக்கு நான்கு முறை அளக்கிறது. மாநில நீர்வள விவர மையம் மாதந்தோறும் அளக்கிறது. இருபது, முப்பது வருடத் தொடர் கையில் கிடைத்தால் ஒரு வட்டாரத்தின் நீர்மட்டம் இறங்குகிறதா, நிலையாக இருக்கிறதா என்பதை உறுதியாகச் சொல்லலாம். ஒரு மாணவர் தலைகீழாக நின்றாலும் அந்த நீளம் வராது. நீண்ட காலப் போக்குதான் உங்கள் கேள்வி என்றால் யோசிக்கவே வேண்டாம், டேட்டாவை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் பெரும்பாலோர் எடுக்கும் கேள்வி அதுவல்ல. ஒரு பருவமழையில் எவ்வளவு தண்ணீர் பூமிக்குள் இறங்கியது, அது எத்தனை நாள் தங்கியது என்பதுதான். அதற்கு வருடம் நான்கு அளவுகள் போதாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்படி ஒரு மழை நவம்பர் அளவுக்கும் ஜனவரி அளவுக்கும் நடுவில் விழுகிறது. கிணறு எந்த உயரம் வரை ஏறி எப்படி வடிந்தது என்பதை அந்த இரண்டு எண்களும் சொல்லாது. மாத அளவு பரவாயில்லை, வார அளவு இன்னும் தெளிவு.

இதைக்கூட விட்டுவிடலாம். என்னைப் பொறுத்தவரை முடிவு செய்யும் விஷயம் வேறு: ஒரு எண் விநோதமாக இருந்தால் அதற்குக் காரணம் கேட்க ஆள் இருக்கிறாரா?

ஏப்ரல் மாதம், மழை எட்டிக்கூடப் பார்க்காத நேரம். ஒரு தோட்டத்துக் கிணற்றில் முந்தைய வாரத்தைவிட இரண்டு மீட்டர் தண்ணீர் ஏறியிருந்தது. டேப்பை மறுபடி விட்டுப் பார்த்தேன், அதே அளவு. தோட்டத்து அம்மாவிடம் கேட்டேன். "அது ஊத்துத் தண்ணி இல்ல கண்ணு, போர்த் தண்ணி. ராத்திரி பூரா கெணத்துக்குள்ள விட்டு வெச்சு, காலைல தென்னைக்குப் பாய்ச்சிக்குவோம்" என்றார். கொங்குப் பக்கம் இது சாதாரணம். போரில், அதாவது ஆழ்துளைக் கிணற்றில், ஒரு இஞ்ச், ஒன்றரை இஞ்ச் தடிமனில் வரும் தண்ணீரை அப்படியே பாய்ச்சினால் வாய்க்கால் தாண்டாது. அதனால் பழைய கிணற்றையே தொட்டியாக்கி, நிரம்பியதும் பெரிய மோட்டாரால் இறைக்கிறார்கள்.

கணக்கில் இது என்ன செய்யும் என்று பாருங்கள். சிதைந்த கிரானைட், நைஸ் பாறையில் தண்ணீர் தங்கும் இடம் மிகக் குறைவு. களிமண் கலந்திருந்தால் பாறையின் கன அளவில் ஒன்றரை சதவீதம், இல்லாவிட்டால் மூன்று சதவீதம் என்பது நிலத்தடி நீர் மதிப்பீட்டில் வழக்கமாக எடுக்கும் அளவு. நீர்மட்டம் இரண்டு மீட்டர் ஏறினால் 30 முதல் 60 மில்லிமீட்டர் மழைநீர் உள்ளே இறங்கியதாகக் கணக்கு வரும். அந்த ஏப்ரலில் சொட்டு மழை இல்லை. ஏறியது கிணற்றுக்குள் ஊற்றிய தண்ணீர் மட்டுமே. சுற்றியுள்ள பாறையில் பெரிதாக எதுவும் மாறியிருக்காது.

இன்னொரு சிக்கல் பிஏபி வாய்க்கால். பரம்பிக்குளம் ஆழியாறு பாசனம் சுமார் 3.77 லட்சம் ஏக்கரை நான்கு மண்டலங்களாகப் பிரித்து முறை வைத்துத் தண்ணீர் விடுகிறது. உங்கள் கிணறு இருக்கும் மண்டலத்துக்கு முறை வந்தால் மழையே இல்லாமல் மட்டம் ஏறும். எந்த மடையில் எப்போது தண்ணீர் வந்தது என்பது தோட்டத்துக்காரருக்கு விரல் நுனியில் இருக்கும். எக்செல் தாளில் இருக்காது.

அரசு கண்காணிப்புக் கிணறுகள் எல்லாவற்றிலும் இப்படி நடக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. இறைப்பு இல்லாத கிணறாகவும், அளப்பதற்கென்றே போட்ட குழாயாகவும் பார்த்துத்தான் பல இடங்களில் வைத்திருக்கிறார்கள். ஆனால் தொடரில் ஒரு எண் குதித்தால் நாம் செய்யக்கூடியது அதை நீக்குவது அல்லது அப்படியே வைத்துக்கொள்வது. என் தோழி ஒருத்தி அப்படி சில எண்களை நீக்கினாள். வைவா என்னும் வாய்மொழித் தேர்வில் ஏன் நீக்கினாய் என்று கேட்டபோது புள்ளியியல் காரணம் மட்டும்தான் அவளால் சொல்ல முடிந்தது. என்னிடம் கேட்டபோது போர்த் தண்ணீர் கதையைச் சொன்னேன், நோட்டில் தேதியோடு இருந்தது. இருவரும் எண்ணை நீக்கினோம், ஆனால் அதற்கான காரணம் என்னிடம் இருந்தது.

சரி, அளப்பதில் எங்கே உதைக்கும்? தொடர்ச்சியில். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. பருவத் தேர்வு நவம்பர், டிசம்பரில். கிணறு வேகமாக ஏறும் அதே வாரங்களில் நாம் தேர்வு அறையில் இருப்போம். இதற்கு முன்கூட்டியே ஏற்பாடு இல்லாவிட்டால் ப்ராஜெக்ட்டின் நடுப்பகுதியே ஓட்டையாகிவிடும். ஊருக்கு ஒருவரிடம் டேப்பைக் கொடுத்துவிடுங்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் ஆர்வமாகச் செய்வார்கள், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். சுவரில் குறி இருக்கும் இடத்தில் டேப்பைப் பிடித்து போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னால் எண்ணைத் தவறாகப் படிக்கும் பிரச்சினையும் இல்லை.

அளக்கும் முறை எளிது. சுற்றுச்சுவரின் மேல் ஒரே இடத்தில் சிவப்பு பெயிண்டில் கோடு, எப்போதும் அங்கிருந்துதான். முப்பது மீட்டர் ஸ்டீல் டேப், நுனியில் சிறு எடை, கடைசி ஒரு மீட்டருக்குச் சாக்பீஸ் பூச்சு. கோட்டில் முழு மீட்டர் குறி நிற்கும்படி டேப்பைத் தண்ணீருக்குள் விட்டு, தூக்கி, நனைந்த நீளத்தைக் கழித்தால் போதும். சுவரின் உயரத்தையும் கழித்தால் தரைமட்டத்திலிருந்து ஆழம் வரும். நேரம்தான் முக்கியம். மோட்டார் ஓடி முடித்த கிணறு பாறைப் பகுதியில் மெதுவாகத்தான் ஊறும். அதனால் மும்முனை மின்சாரம் எத்தனை மணிக்கு வருகிறது என்று கேட்டுக்கொண்டு அதற்கு முன் போய்விடுங்கள். விடியற்காலையில் தோட்டத்துக்குள் போக வேண்டியிருக்கும் என்பதால் துணைக்கு ஆள் வேண்டும், பெண்களுக்கு மட்டுமில்லை, நாய்கள் எல்லாருக்கும் ஒன்றுதான்.

பத்துப் பன்னிரண்டு கிணறு போதும், எல்லாம் ஒரே பஸ் ரூட்டில். ஐம்பது கிணறு என்று கைடு உற்சாகமாகச் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஐம்பதைப் பாதியில் விடுவதைவிடப் பத்தை விடாமல் அளப்பது மேல்.

நான் சொல்வது பாறைப் பகுதித் திறந்தவெளிக் கிணறுகளுக்கு. டெல்டாவிலோ கடற்கரை மணற்பகுதியிலோ நான் அளந்ததில்லை, ஆழ்துளைக் கிணற்றில் தானியங்கிக் கருவி வைத்துப் பார்த்ததும் இல்லை. அங்கே கணக்கு மாறலாம். இரண்டையும் சேர்த்து, அரசு டேட்டாவைப் பின்னணியாக வைத்து ஒரு வருடம் நாமே அளந்தால் சிறப்பாக இருக்கும் என்று தோன்றுகிறது. அதைச் செய்து முடித்த யாரையும் எனக்குப் பழக்கமில்லை.

அளப்பதென்று முடிவு செய்தால் தலைப்புக்கு ஒப்புதல் வரட்டும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். ஆகஸ்ட் மாதமே தோட்டத்துக்காரர்களைப் பார்த்து, குறி போட்டு, முதல் அளவை எடுத்துவிடுங்கள். மழைக்கு முன் இருந்த மட்டம் தெரியாவிட்டால் மழை எவ்வளவு ஏற்றியது என்று கணக்கிடவே முடியாது, அந்த மட்டத்தை அளக்க அடுத்த வருடம்தான் போக வேண்டும்.