விஸ்தாரா போனபின் விஸ்தாரா கார்டு: வைத்திருப்பதா, முடிப்பதா?

ஆண்டுக் கட்டணம் தள்ளுபடி என்று கிரெடிட் கார்டு நிறுவனம் செய்தி அனுப்பினால் யாருக்கும் மகிழ்ச்சியாகத்தான் இருக்கும். விஸ்தாரா விமான நிறுவனத்தோடு சேர்ந்து வங்கிகள் கொடுத்த கிளப் விஸ்தாரா கார்டு வைத்திருந்த எங்களுக்கு அப்படி இல்லை. கட்டணம் போனது, அதோடு இலவச விமான டிக்கெட்டும் போனது. அந்த டிக்கெட்டுக்காகத்தான் நாங்கள் வருடா வருடம் கட்டணமே கட்டிக்கொண்டிருந்தோம்.

என்னிடம் இருப்பது அந்த வரிசையிலேயே கீழ்ப்படிக் கார்டு. முன்பு அதன் ஆண்டுக் கட்டணம் சுமார் 1,500 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 1,770 பக்கம் வரும். அதைக் கட்டியதும் உள்நாட்டில் எங்கு வேண்டுமானாலும் போக ஒருவழி எகானமி டிக்கெட் வவுச்சர் ஒன்று வரும். வருடத்தில் ஒன்றேகால் லட்சம் செலவு செய்தால் இன்னொன்று, இரண்டரை லட்சத்தைத் தொட்டால் மூன்றாவது. அடிப்படைக் கட்டணம் மட்டும்தான் இலவசம். வரியும் விமான நிலையக் கட்டணமும் நம் கையிலிருந்து போகும். அப்படியும் சென்னை–டெல்லிக்கு எனக்கு ஆயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் மேலேதான் ஆனது. அந்தத் தடத்தில் அடிக்கடி போகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

மகள் டெல்லியில் படிக்கிறாள். அவள் கல்லூரிக் கட்டணம், எங்கள் மருத்துவக் காப்பீட்டு பிரீமியம், மாத மளிகை, மின்சாரக் கட்டணம் எல்லாவற்றையும் இந்த ஒரே கார்டில் போட்டால் இரண்டரை லட்சம் தானாகவே வந்துவிடும். டிக்கெட்டுக்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகச் செலவழித்ததில்லை. வவுச்சருக்கென்று விமானத்தில் ஒதுக்கும் இருக்கைகள் குறைவு என்பதால் தீபாவளி, பொங்கலுக்கு மிக முன்கூட்டியே உட்கார்ந்து எடுக்க வேண்டியிருந்தது. கடைசி வாரத்தில் தேடினால் கிடைக்காது. அந்த ஒரு சிரமம் தவிர எனக்குக் குறையே தெரியவில்லை. எகானமியிலேயே சூடான சாப்பாடு கொடுத்தார்கள். என் அம்மா முதன்முதலாக விமானம் ஏறியது அந்த வவுச்சரில்தான். அதனால் இந்தக் கார்டைப் பற்றிக் கணக்குப் பார்த்து மட்டும் பேச என்னால் முடியாது.

இவ்வளவு தாராளமாக எப்படிக் கொடுத்தார்கள்? டாடாவும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் 51:49 என்று சேர்ந்து நடத்திய நிறுவனம் விஸ்தாரா. 2015 ஜனவரி 9 அன்று முதல் விமானம் பறந்தது. இண்டிகோ சந்தையைக் கையில் வைத்திருந்த நேரத்தில், கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் வசதியாகப் போக நினைக்கிறவர்களை அது தேடியது. அப்படிப்பட்டவர்களின் பட்டியல் வங்கிகளிடம் இருந்தது. விமானத்தில் காலியாகப் போகும் இருக்கையை வங்கிக்குக் கொடுத்தால் விமான நிறுவனத்துக்கும் லாபம், அதைக் காட்டிக் கார்டு விற்றால் வங்கிக்கும் லாபம். இந்தக் கார்டின் மதிப்பு முழுவதும் அந்த நிறுவனத்துக்குப் புது வாடிக்கையாளர் தேவைப்பட்டதில்தான் இருந்தது என்பது என் கருத்து. அந்தத் தேவை தீர்ந்த நாளில் சலுகையும் தீர்ந்தது.

2024 நவம்பர் 12 அன்று விஸ்தாரா ஏர் இந்தியாவோடு இணைந்தது. கிளப் விஸ்தாரா பாயின்ட்கள் ஒன்றுக்கு ஒன்று என்று ஏர் இந்தியாவின் பயணிகள் பாயின்ட் திட்டமான மகாராஜா கிளப் கணக்குக்குப் போயின. அந்த மாற்றம் நேர்மையாகவே நடந்தது. என் பாயின்ட்கள் ஒன்றுகூடக் குறையவில்லை. அடுத்த சில மாதங்களில்தான் கார்டுகளின் பக்கம் கை வைத்தார்கள். ஐடிஎஃப்சி ஃபர்ஸ்ட் வங்கியின் கார்டில் மைல்ஸ்டோன் டிக்கெட்டுகள், அதாவது செலவு இலக்கைத் தொட்டால் வருபவை, 2025 மார்ச் 31 உடன் முடிந்தன. எஸ்பிஐ கார்டு மறுநாள், ஏப்ரல் 1 முதல் நிறுத்தியது. ஆக்சிஸ் வங்கியில் ஏப்ரல் 18 முதல் புதுப்பிக்கப்படும் கார்டுகளுக்கு ஆண்டுக் கட்டணம் இல்லை, புதுப்பித்தலுக்கான டிக்கெட் வவுச்சரும் இல்லை.

எனக்கு வந்த செய்தி எந்த நிறுவனத்தினுடையது என்று சொல்லப்போவதில்லை. ஆனால் அதை எழுதியிருந்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. முதல் வரியில் கட்டணத் தள்ளுபடி. டிக்கெட் இல்லை என்பது கீழே, விதிமுறைகளுக்கு நடுவில். நான் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறவள், கடைசி வரி வரை படிப்பது பழக்கம். முதல் வரியோடு நிறுத்துகிறவர்கள், வவுச்சர் வரும் என்று நம்பி அடுத்த வருடமும் எல்லாச் செலவையும் இதே கார்டில் போட்டிருப்பார்கள். எதை எடுத்துவிட்டார்களோ அதை முதலில் சொல்வதுதான் வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் மரியாதை.

மேல்படிக் கார்டுக்காரர்களின் இழப்பு என்னுடையதைவிடப் பெரிது. ஆக்சிஸ் வங்கியின் விஸ்தாரா இன்ஃபினிட் கார்டுக்கு ஆண்டுக் கட்டணம் 10,000 ரூபாயாக இருந்தது. அதற்கு ஒரு பிசினஸ் கிளாஸ் டிக்கெட், பிறகு செலவு கூடக் கூட மேலும் பிசினஸ் கிளாஸ் டிக்கெட்டுகள். எங்கள் அலுவலகத்தில் ஒருவர் அதை வைத்தே வயதான பெற்றோரைச் சிரமமில்லாமல் அழைத்துப் போய்வந்தார். இன்றைக்கு அதே வசதி வேண்டுமென்றால் முழு விலை கொடுக்க வேண்டும்.

சரி, கட்டணமே இல்லாத கார்டில் அதற்குப் பிறகு என்ன மிச்சம்? பாயின்ட் மட்டும்தான். இருநூறு ரூபாய்க்கு மூன்று பாயின்ட் என்றே வைத்துக்கொள்வோம். இரண்டரை லட்சம் செலவழித்தால் 3,750 பாயின்ட். ஒரு பாயின்ட்டை ஒரு ரூபாய் என்று மிகத் தாராளமாக மதித்தாலும் 3,750 ரூபாய். முன்பு அதே செலவுக்கு, புதுப்பித்தலுக்கு வந்ததையும் சேர்த்து, மூன்று டிக்கெட். டெல்லிக்கு ஒருவழி ஐயாயிரம் என்று போட்டால், வரியையும் ஆண்டுக் கட்டணத்தையும் கழித்த பிறகும் பத்தாயிரம் பக்கம் கையில் நின்றது. இப்போது அந்த இரண்டரை லட்சத்தை, எதை வாங்கினாலும் ஒன்றரை, இரண்டு சதவீதம் திருப்பித் தரும் சாதாரண கேஷ்பேக் கார்டில் போட்டால் அதே 3,750 ரூபாயோ அதற்கு மேலோ பணமாகவே வரும். பாயின்ட் என்றால் அதை மாற்ற இருக்கை தேட வேண்டும். பணத்துக்கு அந்த அலைச்சல் இல்லை.

ஆகவே செலவை இந்தக் கார்டிலிருந்து நகர்த்துங்கள் என்றுதான் என்னிடம் கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்கிறேன். கார்டையே முடித்துவிடலாமா என்பது தனிக் கேள்வி, அதற்கு எல்லோருக்கும் ஒரே பதில் கிடையாது. உங்களிடம் இருப்பதிலேயே பழைய கார்டு இதுதான் என்றாலோ, இதன் லிமிட் பெரியது என்றாலோ அவசரப்பட வேண்டாம். முடித்தால் மொத்த லிமிட் குறையும், அதே செலவு லிமிட்டில் பெரிய பங்காகத் தெரியும், கடன் கொடுக்கும் முன் வங்கிகள் பார்க்கும் சிபில் மதிப்பெண் இறங்கலாம். வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும். வைத்திருப்பவர்கள் கட்டணத் தள்ளுபடி என்றென்றைக்கும் என்று எடுத்துக்கொள்ளாமல், புதுப்பிக்கும் மாதத்து ஸ்டேட்மென்ட்டைத் திறந்து பாருங்கள்.

முடிப்பதென்று தீர்மானித்தால் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் கிரெடிட் கார்டு விதிகளின்படி, கட்டணத்தை மாற்றுவதென்றால் குறைந்தது ஒரு மாதம் முன்னதாகச் சொல்ல வேண்டும். அந்த மாற்றம் பிடிக்காமல் கார்டைத் திருப்பிக் கொடுக்கிறவரிடம் அதற்கென்று தனியாகப் பணம் வாங்கக் கூடாது. பாக்கி எதுவும் இல்லையென்றால், கேட்ட ஏழு வேலை நாளுக்குள் கணக்கை மூட வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வீதம் வாடிக்கையாளருக்குக் கொடுக்க வேண்டும். வேறு கார்டு தருகிறோம் என்று தொலைபேசியில் பேச்சை இழுத்தால், இந்த விதியைச் சொல்லி மின்னஞ்சலில் எழுதுங்கள். நாள் பதிவாகும்.

பாயின்ட் போய்விடுமோ என்ற பயம் பலருக்கு இருக்கிறது. விமான நிறுவனத்தின் கணக்கில் ஏற்கெனவே சேர்ந்த பாயின்ட் அங்கேதான் இருக்கும். கார்டை முடிப்பதால் அது அழியாது. கடைசி மாதச் செலவுக்கான பாயின்ட் வந்து சேர்ந்ததா என்று மட்டும் பார்த்துவிட்டுப் பிறகு விண்ணப்பியுங்கள். ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17 அன்று பறப்பதை நிறுத்தியபோதும் இதே பயம் வந்தது. அதன் பாயின்ட் திட்டமான ஜெட்பிரிவிலேஜ் தனி நிறுவனமாக இருந்ததால் அந்தப் பாயின்ட்கள் தப்பின, அந்த வருடமே இன்டர்மைல்ஸ் என்று பெயர் மாறி நடந்தது. கார்டுகளும் கொஞ்ச காலம் ஓடின. ஆனால் ஒரு விமான நிறுவனத்தை நம்பி வாங்கிய கார்டு, அந்த நிறுவனம் இல்லாமல் பழைய பலனைத் தரவில்லை. இந்தியாவில் இந்த வகைக் கார்டு எடுக்கிறவர்கள் இந்த இரண்டு கதைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

நான் என் கார்டை இப்போதைக்கு முடிக்கவில்லை, வீட்டில் இருப்பதிலேயே பழைய கார்டு என்பதால். காப்பீட்டு பிரீமியத்துக்கும் மகளின் செல்போன் கட்டணத்துக்கும் கொடுத்திருந்த ஆட்டோ டெபிட்டை மட்டும் கேஷ்பேக் கார்டுக்கு மாற்றிவிட்டேன். முடிக்கிறவர்கள் இதை முதலில் செய்யுங்கள், ஓடிக்கொண்டிருக்கும் இஎம்ஐ இருந்தால் அதையும் கட்டித் தீர்த்துவிடுங்கள். கணக்கு மூடியதும் பாக்கி இல்லை என்ற கடிதத்தைக் கேட்டு வாங்கி வையுங்கள். ஒன்றிரண்டு மாதம் கழித்து சிபில் அறிக்கையில் அந்தக் கார்டு மூடப்பட்டதாகக் காட்டுகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.