நாய்ப் பீ அள்ளும் பை: மூன்று மாத அனுபவம்

எங்கள் வீடு மண்டபத்தில், வடகடல் பக்கம். விடிந்ததும் கருப்பனை அவிழ்த்துக்கொண்டு கரைக்குப் போவேன். எவ்வளவு மணல் கிடந்தாலும் கருவாடு காயும் இடத்துக்குப் பக்கத்தில்தான் அவனுக்கு வரும். ஒருநாள் காரல் பரப்பிக்கொண்டிருந்த அக்கா, "தம்பி, நாங்க வெறுங்கால்ல நடக்குற மணலு" என்றார். அவ்வளவுதான், கூனிக் குறுகிப் போனேன். நாய்ப் பீயோடு வரும் கொக்கிப்புழுவின் இளம்புழு ஈரமணலில் இருந்து பாதத்துக்குள் ஏறிவிடும். ஊர்ந்த தடம் கோடுகோடாகச் சிவந்து அரிக்கும்.

அன்றைக்கே ஆன்லைனில் வாங்கியதுதான் இந்தப் பச்சைப் பை. 8 ரோல், ரோலுக்கு 15 பை, 349 ரூபாய்.

அள்ளுவதற்கு நல்ல பை. கையுறை மாதிரி மாட்டி, அள்ளி, புரட்டி, முடிச்சுப் போட்டால் சரி. இதுவரை கிழியவில்லை, நாற்றமும் வரவில்லை. ஆனால் வாய் எது, அடி எது என்று தெரியாது. கச்சான் காற்றில் அது படபடக்க, விரலை நக்கித்தான் பிரிக்க வேண்டும். எந்த வேலைக்கு விரலை நக்குகிறோம் என்று நினைக்காமல் இருப்பது நல்லது.

கோபம் எல்லாம் அட்டையில் இருக்கும் 'மக்கும்' என்ற சொல்மேல்தான். பின்பக்கம் எறும்பு எழுத்தில், தொழிற்கூட உரக்கிடங்கில் மட்டும் என்று போட்டிருக்கிறார்கள். கிட்டத்தட்ட 60 டிகிரி சூடு வேண்டுமாம். எங்கள் தெருக் குப்பை வண்டிக்கு ஏது அந்தச் சூடு? வெறும் பை ஒன்றையும் கூடவே ஒரு வாழைப்பழத் தோலையும் தொட்டி மண்ணில் புதைத்தேன். மூன்று மாதம் கழித்துக் கிளறினால் வாழைப்பழத் தோல் இருந்த இடம் தெரியவில்லை. பையில் அச்சடித்த நாய்ப்பாதம் அப்படியே சிரிக்கிறது.

"அலை கொண்டுபோகும், விடுங்க" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். எங்கள் பக்கத்துக் கடலான பாக் விரிகுடாவில் ஆழம் குறைவு. பீ கரைந்து தழைச்சத்து கூடினால் பாசி படர்ந்து கடற்புல்லை மூடும். ஆவுளியா என்கிற கடற்பசு மேய்வது அந்தப் புல்லைத்தான். முடிச்சுப் போட்ட பையையே கரையில் விட்டுப் போகிறவர்களை என்ன சொல்ல?

இப்போது பதநீர்ப் பட்டை மாதிரி பனையோலையை மடித்து அள்ளுகிறேன். கொல்லையில், தண்ணீர் எடுக்கும் ஊற்றுக்கு எட்டத்தில் ஒரு குழி. போட்டதும் மேலே மண். கத்தரிப் பாத்திக்கு மட்டும் அந்த மண் போகாது, நாயின் உருண்டைப்புழு முட்டை வருடக்கணக்கில் சாகாது.

அள்ள 5க்கு 4, மக்க 5க்கு 1. மீதி இரண்டு ரோல் ஸ்கூட்டர் பெட்டியில் கிடக்கிறது, கருப்பனோடு வெளியூர் போனால் ஆகும்.