பக்கவடத்துக்குக் கம்பியா, டைனீமா கயிறா? கச்சானில் ஓடும் சிறு பாய்ப்படகுக்கு ஓர் அலசல்

14 அடிப் பாய்ப்படகு, 6 மீற்றர் அலுமினியப் பாய்மரம் என்று வைத்துக்கொள்வோம். மரத்தைத் தாங்குபவை அணியத்துக்கு, அதாவது படகின் முன்முனைக்கு, இறங்கும் முன்வடமும் இரண்டு பக்கவடங்களுமே. மே முதல் செப்டெம்பர் வரை திருகோணமலையில் கச்சான் எனும் தென்மேல் காற்று தரையிலிருந்து கடலுக்கு வீசும். உப்புவெளிக்கு வெளியே வடம் அறுந்தால் காற்று படகைக் கரையில் சேர்க்காது, வெளிக்கடலுக்கே தள்ளும். ஆகவே எது பலமானது என்பதைவிட, எது முன்கூட்டியே அறிகுறி காட்டும், எதைக் கடலில் வைத்தே கட்டலாம் என்பதுதான் இங்கே பெரிய கேள்வி.

பலத்தில், வலுவான பொலியெத்திலீன் இழையால் பின்னிய டைனீமாக் கயிறுதான் முந்தி. 3 மி.மீ., 19 இழைத் துருப்பிடிக்காத உருக்குக் கம்பி ஏறத்தாழ 700 கிலோவில் அறும், 4 மி.மீ. டைனீமா அதன் இரு மடங்குக்கு மேல் தாங்கும், எடையோ கால்வாசிகூட இல்லை. ஆனால் தொடர்ந்து இழுவையில் நின்றால் டைனீமா மெல்ல மெல்ல நிரந்தரமாகவே நீளும், சூடு கூடினால் இன்னும் விரைவாக நீளும். இன்னொரு வேடிக்கை: வெயிலில் அலுமினியம் நீள, டைனீமா அந்த நேரத்துக்கு மட்டும் சற்றுச் சுருங்கும். மரம் 20 பாகை சூடேறினால் இரண்டுக்கும் இடையில் 4 மி.மீ. வித்தியாசம் வரும், கம்பியென்றால் 1 மி.மீ.கூட வராது. காலை நிழலில் முறுக்கியது மத்தியானம் விறைத்து நிற்பது இதனால்தான்.

கம்பியின் எதிரி உப்பு. அது நடுவில் அறுவதில்லை. கம்பியின் நுனியில் நசுக்கிப் பொருத்திய முனைக் குழாய்க்குள் கம்பி நுழையும் வாயில்தான் உப்புநீர் தேங்கி உள்ளுக்குள் அரிக்கும். அங்கே பழுப்புக் கறை கண்டால் பஞ்சுத் துண்டால் மேலிருந்து கீழே வழித்துப் பாருங்கள். அறுந்த இழை மீன்முள் போலப் பஞ்சைப் பிடிக்கும். ஓரிழை அறுந்தாலும் வடத்தை மாற்ற வேண்டியதுதான். நாடா சுற்றி மறைத்தால் அரிப்பு கூடும். வாங்கும்போது உப்பைக் கூடுதலாகத் தாங்கும் 316 தர உருக்கா என்று கேளுங்கள்; காந்தத்தை வைத்து அதைச் சாதாரண 304 தரத்திலிருந்து பிரித்தறிய முடியாது.

டைனீமாவை அழிப்பது மணலும் உராய்வும். மரத்தை இறக்கிக் கரையில் போட்டால் மணல் இழைக்குள் புகுந்து அறுக்கும். முடிச்சுப் போட்டால் பாதிப் பலம் போய்விடும். முனையைக் கயிற்றுக்குள்ளேயே செருகிப் பின்ன வேண்டும். செருகும் நீளம் விட்டத்தின் 72 மடங்கு, அதாவது 4 மி.மீ. கயிற்றுக்கு 29 செ.மீ. வால் இழைகளைப் படிப்படியாக வெட்டி மெலிதாக்காவிட்டால், தடிப்பு முடியும் இடத்திலேயே அறும். பின்னியதும் பாரத்தில் இழுத்து இறுக்கிய பிறகே அளவெடுக்க வேண்டும்.

வடத்தின் கீழ்முனையில் இரு பக்கமும் திருகுபுரியுள்ள இறுக்கியான டர்ன்பக்கிளா, கட்டுக்கயிறா? எம்6, அதாவது 6 மி.மீ. திருகாணியுள்ள டர்ன்பக்கிளின் உடலை ஒரு முழுச்சுற்றுச் சுற்ற வடம் 2 மி.மீ. குறுகும், அந்தத் துல்லியம் கயிற்றில் வராது. ஆனால் கொழுப்புப் பூசாத துருப்பிடிக்காத புரி ஒன்றையொன்று கடித்து இறுகிப் போகும். பூட்டூசி விழுந்தால் தானாகவே கழலும். 3 மி.மீ. டைனீமாவை ஆறு சுற்று இழுத்துக் கட்டினால் இந்தத் தொல்லையில்லை, அறுந்தாலும் கடலிலேயே மறுபடி கட்டலாம்.

எதைப் போட்டாலும் சீராக்கும் முறை ஒன்றே. படகைக் கரையில் மட்டமாக வையுங்கள். பாயை ஏற்றும் கயிறான ஆஞ்சானை இறுக்கிப் பிடித்து, இடப்பக்க வடம் படகில் பூட்டப்படும் தகட்டில் அளவைக் குறித்து, அதே நீளத்தை வலப்பக்கம் கொண்டுபோங்கள். எட்டாவிட்டால் மரம் இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. வலதை இறுக்கி, இடதை அதே அளவு இளக்குங்கள். பிறகு ஆஞ்சானில் ஒரு கனத்த நட்டைத் தொங்கவிட்டால், அது மர அடியிலிருந்து 20 செ.மீ. பின்னே நிற்கும்போது சாய்வு ஏறக்குறைய 2 பாகை. இந்தச் சாய்வை முன்வடத்தால் சரிசெய்ய வேண்டும். கூடிப்போனால் சுக்கான் பிடி கையை இழுக்கும், படகு காற்றை நோக்கியே திரும்பும். கடைசியாகக் கடலில் பாருங்கள்: 12 நொட் காற்றில் காற்று மறைந்த பக்க வடம் அப்போதுதான் தளரத் தொடங்க வேண்டும். தொங்கி ஆடினால் முனைக் குழாய் வாயில் கம்பி களைத்து முறியும்.

முடிவாகச் சொன்னால், மேலே 316 கம்பி, கீழே டைனீமாக் கட்டு. அளவு கெடாது, அறுவதற்கு முன் கறை காட்டும், கையிருப்பாக இரண்டு மீற்றர் கயிறு போதும். முழு டைனீமா, மரத்தை இறக்காமல் உள்துறைமுகத்திலேயே கட்டி வைப்பவர்களுக்கும் மாதம் ஒருமுறை வடத்தைத் தடவிப் பார்க்கும் பழக்கமுள்ளவர்களுக்கும் சரிவரும்.