மே கடைசி வார அந்தமான் பேக்கேஜ்: அட்வான்ஸ் போடுவதற்கு முன்

"அந்தமான் 5 இரவு 6 பகல், ஆஃப் சீசன் ஆஃபர், பாதி விலை" என்று மே மாதத்தில் வாட்ஸ்அப்பில் சுற்றும் விளம்பரங்களை நம்பி அவசரப்பட்டுப் பணம் போடாதீர்கள். மழைக்காலத்தில் அறை வாடகை குறைவது இயல்புதான், அதில் தவறில்லை. பிப்ரவரிக்குப் போட்ட பயணத் திட்டத்தைத் தேதி மட்டும் மாற்றி ஜூனில் விற்கிறார்களே, மோசடி அங்கே இருக்கிறது.

நம் ஊர்க்காரர்கள் இதில் சுலபமாக மாட்டுவதற்குக் காரணம் நம் ஊர் வெயில். மே 28 வரை இங்கே கத்திரி. கேரளாவிலேயே ஜூன் 1-ஐ ஒட்டித்தான் பருவமழை என்பதால், பள்ளி திறப்பதற்குள் போய் வந்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் தென்மேற்குப் பருவமழை முதலில் கால் வைப்பதே அந்தமான் கடலில்தான், வழக்கமாக மே 20-ஐ ஒட்டி. 2025-இல் மே 13-ஆம் தேதியே தொடங்கிவிட்டது. இங்கே மண்டை பிளக்கும் நாளில் அங்கே கடல் கொந்தளித்துக் கிடக்கும்.

மாட்டியவர்களுக்கு நடப்பது பெரும்பாலும் ஒன்றேதான். போர்ட் பிளேரில் முதல் நாள் செல்லுலார் சிறை பார்த்தாயிற்று. மறுநாள் காலை ஹேவ்லாக் தீவுக்குப் போகும் கப்பலைப் பிடிக்க ஜெட்டிக்குப் போனால், காற்று அதிகம், இன்று கப்பல் இல்லை என்பார்கள். ஹேவ்லாக்கில் அந்த இரவுக்கான அறை வாடகை போயிற்று, போர்ட் பிளேரில் இன்னோர் அறைக்குக் கையிலிருந்து செலவு. அடுத்த நாள் ஹேவ்லாக் போய்ச் சேர்ந்தால் எலிஃபென்ட் பீச்சுக்குப் படகு விடமாட்டார்கள், ஸ்நார்க்கலிங் (மூச்சுக்குழாய் மாட்டி நீந்திப் பவளம் பார்ப்பது), ஸீ வாக் (தலைக்கவசத்தோடு கடலடியில் நடப்பது) எல்லாம் நிறுத்தம். டிராவல்ஸ்காரரைக் கூப்பிட்டால், பேக்கேஜின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் "வானிலையால் ரத்தானால் பணம் திரும்ப வராது" என்ற வரியைப் படித்துக் காட்டுவார்.

இதில் பணம் எப்படிக் காணாமல் போகிறது என்று புரிந்துகொள்ளுங்கள். வானிலை காரணமாகக் கப்பல் நிறுவனமே ஓட்டத்தை ரத்து செய்தால், முழுப்பணமோ மாற்றுத் தேதியோ தருவதுதான் வழக்கம். ஆனால் அந்தப் பணம் டிக்கெட் எடுத்த கணக்குக்குத்தான் திரும்பும். எடுத்தவர் ஏஜெண்ட். போர்ட் பிளேர்–ஹேவ்லாக், ஹேவ்லாக்–நீல் (இன்னொரு தீவு), நீல்–போர்ட் பிளேர் என மூன்று ஓட்டம், நாலு பேர் என்றால் பன்னிரண்டு டிக்கெட். அதில் சில ரத்தாகித் தொகை ஏஜெண்ட் கணக்கில் விழுந்தால் உங்களுக்குத் தெரியவே தெரியாது, ஏனென்றால் குறுஞ்செய்தியும் அவர் எண்ணுக்கே போகும். அதனால் கப்பல் டிக்கெட்டை மட்டுமாவது உங்கள் மொபைல் எண், உங்கள் கணக்கு வழியாக எடுங்கள். ஏஜெண்ட்தான் எடுப்பேன் என்றால், பயணிகள் பெயரோடு டிக்கெட் நகலைப் புறப்படுவதற்கு முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். டிக்கெட்டில் ஸ்வராஜ் த்வீப் என்றிருந்தால் அது ஹேவ்லாக், ஷஹீத் த்வீப் என்றால் நீல், ஸ்ரீ விஜயபுரம் என்றால் போர்ட் பிளேர். பெயர்கள் மாறிவிட்டன, குழம்ப வேண்டாம்.

விற்பவருக்குத் தொழில் தெரியுமா, இல்லை வேறொருவர் போட்ட திட்டத்தை நகலெடுத்து விற்கிறாரா என்று பார்க்க ஒரே கேள்வி போதும்: ஜாலி பாயா, ரெட் ஸ்கின்னா, எங்கே கூட்டிப்போவீர்கள்? போர்ட் பிளேரை அடுத்த வண்டூர் பக்கத்துக் கடல் தேசியப் பூங்காவில் ஜாலி பாய், ரெட் ஸ்கின் என்று இரண்டு தீவுகள். பவளப்பாறைக்கு ஓய்வு கொடுக்க இவற்றை மாற்றி மாற்றித் திறக்கிறார்கள். வறண்ட மாதங்களில் ஜாலி பாய், மழை மாதங்களில் ரெட் ஸ்கின். ஜூன், ஜூலை பேக்கேஜில் ஜாலி பாய் என்று எழுதியிருந்தால் அந்தத் திட்டம் எந்த மாதத்துக்குப் போட்டது என்று உங்களுக்கே விளங்கிவிடும்.

கடற்கரைகளுக்கும் திசைக்கணக்கு உண்டு. விளம்பரங்களில் தவறாமல் வரும் ராதாநகர் கடற்கரை ஹேவ்லாக்கின் மேற்குக் கரையில் இருக்கிறது. தென்மேற்குக் காற்றுக் காலத்தில் அலை நேரே அங்கேதான் மோதும், குளிக்க விடாத நாட்கள் வரும். கிழக்கே இருக்கும் விஜயநகர், காலாபத்தர் பக்கம் அப்போது சற்று அமைதியாக இருக்கும். நவம்பர் தொடங்கி வடகிழக்குக் காற்று அடித்தால் நிலைமை தலைகீழ். போதாததற்கு மழைநீர் ஓடைகள் வழியாக மண்ணைக் கடலுக்குள் கொண்டுவரும், கலங்கிய நீரில் பவளத்தைப் பார்க்க முடியாது. "கண்ணாடி போன்ற நீர்" என்று அனுப்பும் படங்கள் எல்லாம் பிப்ரவரி, மார்ச் படங்கள்.

மாதத்தோடு திதியும் பாருங்கள், இதைச் சொல்லும் ஏஜெண்ட் அபூர்வம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் ஏறுவதும் வற்றுவதும் அதிகம். நீல் தீவில் லக்ஷ்மண்பூர் பக்கம் இருக்கும் இயற்கைப் பாறைப் பாலத்துக்கு நீர் நன்றாக வற்றிய நேரத்தில்தான் நடந்து போக முடியும். அதே வற்றல், பாறை நிறைந்த கரைகளில் நீந்த விடாது. இரவில் கடல் நீலமாக ஒளிரும், காயக் என்ற துடுப்புப் படகில் போகலாம் என்று தனிக் கட்டணம் வாங்குவார்கள். பௌர்ணமியை ஒட்டிப் போனால் நிலா வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது, அந்தப் பணம் தண்டம்.

ஆயுத பூஜை, தீபாவளி விடுமுறை என்றால் இன்னொரு ஆபத்து. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வங்கக்கடலில் புயல் பருவம். 2016 டிசம்பரில், பின்னால் வர்தா புயலாகிச் சென்னையைத் தாக்கிய அதே தாழ்வு மண்டலத்தால் ஹேவ்லாக், நீல் தீவுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் மாட்டிக்கொண்டார்கள். கடற்படைக் கப்பல்கள் போய்த்தான் மீட்டன. கிறிஸ்துமஸ் வாரத்தில் உச்ச விலை கொடுத்தும் இந்த ஆபத்து முழுதாக நீங்குவதில்லை.

நல்ல காலம் எது என்றால், தை பிறந்ததிலிருந்து சித்திரை பிறக்கும் வரை. அதிலும் பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் கடைசி வரை கடல் அமைதி, நீர் தெளிவு, விடுமுறைக் கூட்டமும் இல்லை. பிள்ளைகளுக்குப் பரீட்சைக் காலம் என்பதுதான் சங்கடம். ஏப்ரல் முதல் பாதியும் மோசமில்லை, வெயிலும் புழுக்கமும் மட்டும் கூடும்.

மழையில் போகவே கூடாது என்பதில்லை. பச்சைக் காடும் ஆளில்லாத கரையும் போதும் என்பவர்களுக்கு ஜூலை பிடிக்கலாம். ஆனால் பேக்கேஜ் வேண்டாம். கடைசி நேரம் வரை ரத்து செய்யக்கூடிய அறையை நேரடியாக எடுங்கள், திட்டத்தில் இரண்டு நாள் சும்மா விட்டு வையுங்கள். எந்தப் பருவமானாலும் கடைசி இரவு போர்ட் பிளேரில்தான் இருக்க வேண்டும். காலையில் நீலிலிருந்து கப்பல், மதியம் சென்னை விமானம் என்று எழுதித் தந்தால் அதை ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஏற்கெனவே பணம் போனவர்களுக்கு: விளம்பரம், பயணத் திட்டம், ஜிஎஸ்டி பில், வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் சேமியுங்கள். எந்தெந்தத் தேதியில் கப்பல் ஓடவில்லை என்று கப்பல் நிறுவனத்திடம் மின்னஞ்சலில் கேட்டு, டிக்கெட் தொகை யார் கணக்குக்குத் திரும்பியது என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். அதோடு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், ஏஜெண்ட் ஊருக்கு அலைய வேண்டாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, காலக்கெடு 2 ஆண்டு. "வானிலை எங்கள் கையில் இல்லை" என்பார்கள். கப்பல் நிறுவனம் திருப்பிக் கொடுத்த பணம் அவர்கள் கையில்தானே இருக்கிறது, முதலில் அதைக் கேளுங்கள்.