புள்ளியைச் சுருக்குவதா, பல்ஸைச் சுருக்குவதா?

துவாக்குடிப் பட்டறைகளில் அல்ட்ராசோனிக் டெஸ்டிங் (ஒலி அனுப்பி உள்ளே இருக்கும் குறையைத் தேடுவது) என்றால் வெல்டிங் பக்கத்தில் ஜெல் தடவி புரோப் வைப்பதுதான். சிலிக்கான் சில்லின் மேலுள்ள ஒரு மைக்ரான் படலத்துக்கு அது எடுபடாது. அங்கே ஒரு லேசர், லென்ஸ் குவிக்கும் புள்ளியில் விழும் குறுகிய ஒளித்துடிப்பால் (பல்ஸ்), ஒலியை எழுப்பும்; இன்னொன்று அதைக் கேட்கும். தஞ்சை, திருச்சிப் பக்கம் இப்படியொரு ஆய்வகம் தொடங்கினால், நுணுக்கம் கூட்ட எதில் காசு போடுவது?

ஆழத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டுமென்றால் பல்ஸில்தான். உதாரணமாக, அலுமினியத்தில் ஒலி விநாடிக்குச் சுமார் 6,400 மீட்டர் ஓடும். 5 நானோவிநாடி பல்ஸ் முடிவதற்குள் அலை 32 மைக்ரான் போய்விடும்; ஒரு மைக்ரான் படலத்தின் எதிரொலிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குழம்பும். எந்த லென்ஸும் இதைத் தீர்க்காது. 1980களில் பிரவுன் பல்கலைக்கழகத்தில் மாரிஸ் குழுவினர் காட்டிய பிகோவிநாடி (நானோவிநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு) முறையில் அலை சில பத்து நானோமீட்டருக்குக் குறுகுகிறது. அந்த வேகத்தை ஆசிலோஸ்கோப் பிடிக்காது என்பதால், கேட்கும் ஒளியைக் கண்ணாடி நகர்த்தித் தாமதப்படுத்துகிறார்கள்: 15 செ.மீ. நகர்த்தினால் போக வர 30 செ.மீ., அதாவது ஒளிக்கு 1 நானோவிநாடி. அழகான ஏற்பாடுதான். லேசர் விலையைக் கேட்டால் தலை சுற்றும்.

பக்கவாட்டுக்கு லென்ஸ். 532 நானோமீட்டர் ஒளியை 0.9 நியூமெரிக்கல் அப்பர்ச்சரில் (லென்ஸ் எவ்வளவு அகன்ற கோணத்தில் ஒளியைக் குவிக்கிறது என்பதன் அளவு) குவித்தால் புள்ளி 0.36 மைக்ரான் வரை இறங்கும். செலவு குறைவு, ஆனால் புள்ளியின் விட்டம் பாதியானால் அதே ஆற்றல் நாலு மடங்கு அடர்த்தியாக விழும், படலம் கருகும். ஆற்றலைக் குறைத்தால் சிக்னல் மெலியும், ஆயிரக்கணக்கில் சராசரி எடுக்க வேண்டும். அத்தனை நேரமும் குவியம் நகரக்கூடாது. நெல் லாரி ஓடும் சாலையோரக் கட்டடம், ஐப்பசி ஈரம் இரண்டையும் யோசித்துத்தான் மேசை போட வேண்டும்.

பலர் கவனிக்காதது ஒன்று. மேற்பரப்பில் ஓடும் ஒலி அலைக்கு அலுமினியத்தில் விநாடிக்குச் சுமார் 2,900 மீட்டர் வேகம். 5 நானோவிநாடியில் அது கிட்டத்தட்ட 15 மைக்ரான் நகரும். அதனால் நானோவிநாடி லேசரை வைத்துக்கொண்டு எழுப்பும் புள்ளியை அதற்கும் கீழே சுருக்குவதில் பெரிய லாபமில்லை. கேட்கும் புள்ளியைச் சுருக்குவது வேறு கதை, அதில் பலன் உண்டு.

மேலே தங்கக் கோடுகள் பதித்துக் கோட்டு இடைவெளியால் அலைநீளத்தைத் தீர்மானிக்கும் வழியும் இருக்கிறது. ஆனால் பரிசோதிக்கும் பொருளையே தொட வேண்டியிருக்கிறது.

ஏற்கெனவே நானோவிநாடி லேசர் இருந்தால், நல்ல லென்ஸும் செயற்கைத் துளைக் கணக்கீடும் (பல இடங்களில் பதிவான சிக்னல்களைக் கணினியில் சேர்த்துக் கூர்மையான படமாக்குவது) போதும் என்பேன். ஸ்கேனில் ஒவ்வொரு நகர்வும் ஒலியின் அரை அலைநீளத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். போனால் இல்லாத விரிசல்கள் படத்தில் முளைக்கும். ஒரு மைக்ரான் போன்ற மெல்லிய படலத்தின் ஆழத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டுமென்றால் மட்டும் ஃபெம்டோவிநாடி லேசருக்கு (பிகோவிநாடியை விடவும் குறுகிய பல்ஸ்) நிதி கேளுங்கள்.